மூன்றாவது ரீலில் நின்ற பெண்

சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் வேலை என்பது, ஊரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. பொதுஜனத்துக்காக உழைத்து, அதே பொதுஜனத்திடம் விசிலும் திட்டும் வாங்கிய எவருக்கும் என் கஷ்டம் புரியும். பஸ் கண்டக்டர், கரண்ட்டு ஆபீஸ் லைன்மேன், ரேஷன் கடைக்காரர் எல்லாரும் என் கட்சிதான். ஒரகடத்தில் ரோடுகள் கூடுகிற கூட்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எழுபதுகளில் படம் ஓட்டினேன். ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் என் பரம்பரையே திட்டு வாங்கும்.

எத்தனையோ படம் ஓட்டினேன். ஒரு பொங்கல் வாரத்தில் ஓட்டிய ஒரு காதல் படத்தைப் பற்றி மட்டும் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பணக்காரப் பெண்ணும் அவள் வீட்டு டிரைவர் மகனும் காதலிக்கிற கதை. இரண்டு பேருக்கும் மீசை முளைக்கிற, தாவணி போடுகிற வயசு. கடைசி ரீலில் இரண்டு அப்பாக்களும் கட்டிப்பிடித்துச் சம்பந்தி ஆகிவிடுவார்கள். மெட்ராசில் ஓடி ஓய்ந்து, பிரிண்ட் முழுக்கக் கீறல் விழுந்த பிறகு எங்களுக்கு வந்தது.

யாரைக் கூப்பிட்டார்கள்?

பொங்கல் வாரம் என்பதால் தினமும் மேட்னி உண்டு. முதல் நாள் மேட்னியில் மூன்றாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கதாநாயகி பாடிக்கொண்டே ஓடுவாள். அவளுக்குப் பின்னால் கயிறு கட்டி நிறுத்தியிருந்த கிராமத்து ஜனங்கள் ஒரு ஏழு விநாடி தெரிவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைத்தான் அப்படியே படம் பிடித்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து, "வசந்தா!" என்று ஒரு குரல். கூப்பிட்ட குரல் மாதிரி இருந்தது, அழுத குரல் மாதிரி இல்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடுவது போல.

கதாநாயகிக்குப் படத்தில் வசந்தா என்று பெயர் இல்லை. ரீல் முடிந்து விளக்கைப் போட்டேன். டிக்கெட் கிழிக்கிற கன்னியப்பன் படியேறி என் அறைக்கு வந்தான். வழக்கமாக வந்ததும் பீடி கேட்பான், அன்று கேட்கவில்லை. "கூட்டத்துல மஞ்சத் தாவணி கட்டிகினு ஒரு பொண்ணு நிக்குதாம்ண்ணே. வல்லம் பெரிய வூட்டுப் பொண்ணாம். காணாமப் போயி ரெண்டு வருசம் ஆவுது" என்றான்.

விளக்கு போட வந்த அம்மா

வல்லத்தில் ராஜமாணிக்கம் என்றால் தெரியாதவர் கிடையாது. நிலம், நெல் மிஷின், இரண்டு ஜோடி வண்டிமாடு. அவர் வாசலில் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப் போனான் என்பதற்காக ஒரு கூலிக்காரனின் சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போட்டவர். சினிமாவே பார்க்க மாட்டார். அவருடைய ஒரே பெண் வசந்தா. ஒரு நாள் விடியற்காலை கோலம் போட வாசலுக்குப் போனவள், கோலம் பாதியில் நிற்க, காணாமல் போய்விட்டாள். அவர் ஆள் விட்டுத் தேடாத ஊர் இல்லை. கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டுப் பார்த்தார்கள். ஏரியில் வலை போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

மேட்னியில் கூப்பிட்டது அவருடைய மனைவி பாக்கியம்மா. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒன்பது நாள் விளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர், முதல் நாள் பஸ் ஒரகடத்தில் நிற்கும்போது, கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரில் ஏரியைப் பார்த்து இறங்கிவிட்டார். சூட்டிங் நடந்த அன்று மகள் வண்டி கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அடுத்த நாளும் இறங்கினார், அதற்கடுத்த நாளும். எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்காருவார். மூன்றாவது ரீல் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். "மீதிக் கதை பாக்கலியாம்மா?" என்று கன்னியப்பன் கேட்டதற்கு, "எனக்குக் கதை அவ்ளோதான் தம்பி" என்றாராம்.

பக்கத்தில் நிற்பவன்

நான்காம் நாள் கொட்டகை நிரம்பியது. கதாநாயகனுக்காக இல்லை. வல்லம், வடகால், மாத்தூர் என்று சுற்றுவட்டாரமே வந்திருந்தது. மூன்றாவது ரீல் வரைக்கும் முறுக்கு தின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டுக்கு விசில் அடிக்காத கூட்டத்தை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். தகரக் கூரை வெயிலில் விரிகிற சத்தம்கூடக் கேட்டது.

கொட்டகை வாசலில் முறுக்கு விற்கிற முனியம்மாவும் கூடையை வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தாள். அவளுக்கு ஆளை ஒரு தடவை பார்த்தால் போதும், ஜென்மத்துக்கும் மறக்காது. படம் விட்டதும் நேராக என்னிடம் வந்தாள். "அந்தப் பொண்ணு வெரலு ஒருத்தன் சட்டை நுனிய புடிச்சிகினு கீது, பாத்தியா? அவன் இன்னா வெளியாளா? நம்ம இஞ்சின் ரிப்பேர் தேவராஜ். பெரிய வூட்டு வயல்ல கூலி வேலை செய்யுறாரே அந்தோணி, அவரு மவன்" என்றாள். தேவராஜ் பெங்களூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டதாகத்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் போனது பெண் காணாமல் போய் ஒரு மாதம் கழித்து. அதனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. முனியம்மா குரலைத் தாழ்த்தினாள்: "பெரியவரு மட்டும் இத்தப் பாத்தா அந்தோணி குடிசை இருக்காதுய்யா."

கருகிய மூலை

மெஷினுக்குள் எரிகிற கார்பன் குச்சியின் வெளிச்சம் எவ்வளவு சூடு என்பது அதன் முன் நின்றவனுக்குத்தான் தெரியும். பிலிம் ஓடிக்கொண்டே இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஒரு இடத்தில் நின்றால் அந்த இடம் கருகிவிடும். ஐந்தாம் நாள் மேட்னியில், ஆயிரக்கணக்கான அடி பிலிமில் வேறு எங்கும் இல்லாமல், அந்த ஏழு விநாடிக்குள் மெஷின் சிக்கியது. திரையில் வசந்தா அசையாமல் நின்றாள். மஞ்சள் தாவணி, காதில் ஜிமிக்கி, பாதி திரும்பிய முகம். பிறகு திரையின் மூலையில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, கொப்புளம் மாதிரி பெருத்து, அவள் தோளை நோக்கி நகர்ந்தது.

எல்லாம் நான் தகட்டை இழுத்து வெளிச்சத்தை மறைக்கிற நேரத்துக்குள் நடந்ததுதான். இருட்டில் பாக்கியம்மாவின் குரல் மட்டும் என் அறையின் துவாரம் வழியாக வந்தது. "எப்பா, எம் பொண்ண கொளுத்திடாதப்பா."

திரும்பினாள் என்றார்கள்

கருகிய துண்டை வெட்டிவிட்டு ஒட்டினேன். ஒட்டும்போது நாலைந்து பிரேம் போகத்தான் செய்யும், அதனால் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு துள்ளல் தெரியும். இதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எல்லாருக்கும் விளக்கினேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை. முதல் நாள் அவள் மூன்றாம் வரிசையில் நின்றாள், இப்போது முன் வரிசைக்கு வந்துவிட்டாள் என்றார் ஒருவர். தாவணி ஈரமாக இருக்கிறது என்றது ஒரு கிழவி. சின்னப் பிள்ளைகளை அந்த இடத்தில் கண்ணை மூடச் சொன்னார்கள்.

நானும் ஒரு நாள் மெஷினை விட்டுவிட்டுத் துவாரத்தில் கண்ணை வைத்தேன். அந்தத் துள்ளலில் அவள் சட்டென்று முகத்தைத் திருப்பி நேராகப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஒட்டு போட்டவன் நான், காரணம் தெரிந்தவன் நான், ஆனாலும் துவாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன். இறங்கி வந்தபோது முனியம்மா கூடையை மூடிக்கொண்டிருந்தாள். "நேத்து அவ நம்மளப் பாக்கலய்யா. இன்னிக்கி பாக்குறா" என்றாள்.

குடைக்காரர்

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, கொட்டகை கூட்டிக்கொண்டிருக்கும்போது ராஜமாணிக்கத்தின் தம்பி ஏகாம்பரம் வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். மேனேஜரிடம் பேசிவிட்டு என் அறைக்கு ஏறினார். "அண்ணனுக்கு விசயம் போயிடுச்சு. ஞாயித்துக்கெழம மேட்னிக்கு வராரு. அதுக்குள்ள அந்தத் துண்ட வெட்டிடு" என்றார். பிரிண்ட்டில் கை வைத்தால் வேலை போய்விடும் என்றேன். "மேனேஜர் சரின்ட்டாரு. நீ வெட்டு" என்றார்.

அதோடு போயிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். படி இறங்கப் போனவர் நின்று, நான் கேட்காமலே, "சூட்டிங் அன்னிக்கி நான் ஊர்லயே இல்ல. காஞ்சிபுரம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். பிறகு குடைக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஆமா, அவங்க ரெண்டு பேரத் தவிர வேற யாரு மொகமாச்சும் தெரியுதா?"

பூதக்கண்ணாடி

சனிக்கிழமை காலை அந்தப் பத்தடிச் சொச்சத்தை வெட்டி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் முகம் முகமாகப் பார்த்தேன். கூட்டம் முழுக்கக் கதாநாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் வரிசையில், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரே ஒருவர் மட்டும் கதாநாயகியைப் பார்க்கவில்லை. வசந்தாவையும் தேவராஜையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றும் தெரியாது, ஊரிலேயே இல்லை என்றவர், எல்லாம் தெரிந்து பின்னாலேயே நின்றிருக்கிறார். பெண் காணோம், பையனும் காணோம். நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மேட்னிக்குப் பாக்கியம்மா கடைசி நாள் விளக்குக்காக வந்தபோது, அவரை மேலே அழைத்து அந்தத் துண்டையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்துவிட்டேன். மகளை வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு கண்ணாடியை மெல்லப் பின் வரிசைக்கு நகர்த்தி நின்றார். "காஞ்சிபுரம் போறேன்னு சொல்லிட்டுத்தான இவரு குடைய எடுத்துகினு போனாரு" என்றார்.

தீப்பெட்டி

ஏகாம்பரம் கூட்ரோடு பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தார், வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள. பாக்கியம்மா நேராக அவரிடம் போனார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் கொழுந்தனாரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் குனிந்து ஏதோ சொன்னார். உலுக்கிய கை அப்படியே நின்றது. பிறகு பாக்கியம்மா ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். நான் கன்னியப்பனைக் கூப்பிடலாமா, போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது அவரே எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு, மறுபடி என் படியேறி வந்தார்.

"உசுரோட கீறாங்க தம்பி, ரெண்டு பேரும். கோலார் தங்கவயல்ல. அவன் கொஞ்ச நாளு இங்கயே இருந்து, சந்தேகம் வராம அப்புறமாப் போய்ச் சேந்துகினானாம். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேசன்ல அவள ரயிலேத்தி வுட்டவரே இவருதானாம்" என்றார். சூட்டிங் அன்று இவர்களைப் பார்த்துவிட்ட ஏகாம்பரம், அண்ணன் கையில் சிக்கினால் இரண்டு உயிர் போகும் என்று தானே வழி பண்ணியிருக்கிறார். பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம்.

"கொளுத்திடு" என்று துண்டை நீட்டினார். நான் தயங்கினேன். ஒரே ஒரு பிரேமை மட்டும் கத்தரித்துக் கொடுக்கட்டுமா, யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொள்ளலாம் என்றேன். அவர் என் தீப்பெட்டியைத் தானே எடுத்து உரசினார். பிலிம் சுருண்டு, நாறி, தகர டப்பாவுக்குள் கறுப்புக் கட்டியானது. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு வெச்சிகினா நெதம் பாக்கத் தோணும். அவரு கண்ணுல பட்டுடும்."

ஞாயிறு மேட்னி

ராஜமாணிக்கம் நாற்காலி வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றி நாலு நாற்காலிக்கு யாரும் உட்காரவில்லை. கொட்டகையில் இருந்த முக்கால்வாசிப் பேர் அந்த வாரத்தில் வசந்தாவைப் பார்த்தவர்கள். தேவராஜைப் பார்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ரீலை மாட்டினேன். வெட்டிய இடத்தில் பாட்டு ஒரு விக்கல் விக்கித் தாண்டியது. கூட்டம் இல்லை, கயிறு இல்லை, ஏரியும் கதாநாயகியும் மட்டும். நான் மூச்சு விட்டேன்.

அப்போது ராஜமாணிக்கம் எழுந்தார். "அதோ நிக்கிறா" என்றார். கையை நீட்டிக்கொண்டே நடந்து போய்த் திரைத்துணியில் உள்ளங்கையை வைத்தார். வெறும் தண்ணீர் தெரிந்த இடம் அது. அவர் நிழல் திரையை மறைத்தது, அவர் வெள்ளைச் சட்டை மேல் ஏரி அலையடித்தது. சாம்பலை என் கையால் கொட்டியவன் நான். அவர் ஜனங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? யாராச்சும் பாத்தீங்களாடா?" பெண்கள் பக்கத்திலிருந்து முனியம்மாவின் குரல்தான் வந்தது. "ஏரிதாங்க தெரியுது. வேற ஒண்ணுமில்லீங்க."

இன்னொரு தடவை

ரீல் முடிந்ததும் அவர் என் அறைக்கே வந்துவிட்டார். அந்த உருவத்துக்கு என் படிகள் கிரீச்சிட்டன. கோபமாக வருவார் என்று மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர் கைகூப்பி நின்றார். "இன்னொரு தடவ ஓட்டுப்பா" என்றார். என் பிழைப்பில் ஒரே ரீலை இரண்டு தடவை ஓட்டி, ஒரு விசில்கூட வாங்காதது அன்று மட்டும்தான். கீழே அத்தனை பேரும் மறுபடி அதே பாட்டைப் பார்த்தார்கள். அவர் என் துவாரத்தில் கண்ணை வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு துவாரம் இருந்தது. நான் அதில் கண்ணை வைக்கவில்லை. வைக்கத் தைரியம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெட்டிய இடம் தாண்டியது. அவர் துவாரத்தை விட்டு விலகவே இல்லை. ரீல் ஓடி முடிந்து, பிலிமின் வால் சக்கரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், சுவரிடம் சொல்வது போலச் சொன்னார்: "இந்தத் தடவ அவ திரும்பல. முதுக காட்டிகினு தண்ணிக்குள்ளயே எறங்கிப் போயிட்டா."

ஏரிக்கரைச் சாப்பாடு

மகள் செத்துவிட்டாள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஆள் விட்டுத் தேடுவதை நிறுத்தினார். அடுத்த மாதம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கருமாதி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேவராஜின் அப்பா அந்தோணிதான் பந்தல் போட்டார். ஏகாம்பரம் குடை பிடித்து நின்றார். ராஜமாணிக்கம் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்ததும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று என் தொண்டை வரை வந்தது. ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை இடம் வலமாக அசைத்தார். மகள் போன துக்கத்தில் அழுகிறவர், மருமகன் யார் என்று தெரிந்தால் அரிவாள் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

பாக்கியம்மா அழவில்லை. மகளுக்கான பிண்டத்தைத் தண்ணீரில் விட்டபோதுகூட. துக்கம் முற்றி மரத்துப்போய்விட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். பந்தியில் எல்லாருக்கும் அவரே பரிமாறினார். என் இலைக்கு வந்தபோது இரண்டு கரண்டி பாயசம் அதிகமாக ஊற்றிவிட்டு, குனிந்து மெல்லச் சொன்னார்: "உசுரோட கீறவங்களுக்குக் கருமாதி பண்ணா ஆயுசு கூடும்பாங்க தம்பி. நல்லா சாப்புடு."

நிழல்

ராஜமாணிக்கம் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பத்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸிலிருந்து வசந்தா இறங்கினாள். பின்னால் தேவராஜ், இரண்டு குழந்தைகள். கூட்ரோட்டு டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றினார். அவள் நடக்க நடக்க ஜனங்கள் பின்வாங்கி வழிவிட்டார்கள். அவளுடைய கருமாதிச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் அல்லவா? சிரித்துக்கொண்டே தெரிந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் சிரிப்பு நின்றது. குழந்தைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் தெரிந்த எனக்கே வாய் வரவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். முனியம்மாதான் கூடையோடு ரோட்டைக் கடந்து அவளிடம் போனாள். அவள் காலடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு குழந்தைகள் கையில் ஆளுக்கொரு முறுக்கைத் திணித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "நெழல் வுழுதுய்யா! வந்து பேசுங்க!"

இத்தனை வருஷ ஆபரேட்டர் உத்தியோகத்தில் நான் தெரிந்துகொண்டது, மெஷினில் ஓடுகிற படத்துக்குத்தான் நான் பொறுப்பே தவிர, பார்க்கிறவர் கண்ணுக்குள் ஓடுகிற படத்தை வெட்டவோ ஒட்டவோ எந்த ஆபரேட்டராலும் ஆகாது என்பது மட்டும்தான்.